குளித்து முடித்ததும் மூடிக்கொள்ளும் கண்ணாடி

குன்னூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். காலையில் வெந்நீரில் குளித்து முடித்தால் பாத்ரூம் கண்ணாடியில் ஆவி படிந்து முகமே தெரிவதில்லை, துண்டால் துடைத்தால் ஒரு நிமிடத்தில் மறுபடி மூடிக்கொள்கிறது. கணவர் ஷேவிங் க்ரீம் தடவச் சொல்கிறார். வாட்ஸாப்பில் உருளைக்கிழங்கு, டூத்பேஸ்ட், வினிகர் என்று விதவிதமாக வருகிறது. ஒரு கடையில் கார் கண்ணாடிக்கு அடிக்கும் மழைநீர் ஒட்டாத ஸ்ப்ரே போதும் என்கிறார்கள், இன்னொரு கடையில் ஹீட்டர் வைத்த கண்ணாடிக்குப் பல ஆயிரம் சொல்கிறார்கள். எதற்குக் காசு செலவழிக்கலாம் என்பது கேள்வி. கடைசியில் போகிறபோக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: மாட்டி இரண்டு வருடம்கூட ஆகாத கண்ணாடியின் கீழ் ஓரம் கறுத்துவிட்டது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த வரிதான். முகம் தெரியாதது பத்து நிமிடத் தொல்லை. ஓரம் கறுப்பது அந்த அறையில் ஈரம் வெளியேறாமல் தங்குகிறது என்பதற்கு அடையாளம். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

இயற்பியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, கோவையில் 26 வருடமாகக் கண்ணாடி வெட்டி, விளிம்பு தேய்த்து, வீடுகளில் மாட்டிக்கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று மலைமேலும் நிறைய மாட்டியிருக்கிறேன். படித்தது, கையால் செய்து பார்த்தது இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன். மின்சார வேலை என் தொழில் இல்லை. அது வரும் இடத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நீராவியைத் தாங்கும். ஒரு கன மீட்டர் காற்று 28 டிகிரியில் சுமார் 27 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். அதே காற்று 12 டிகிரிக்குக் குளிர்ந்தால் 11 கிராம்கூட நிற்காது. குன்னூரில் டிசம்பர் காலை 10 டிகிரிக்குக் கீழே போவது சகஜம். வெளிச்சுவரில் மாட்டிய கண்ணாடி ராத்திரி முழுக்க அந்தக் குளிரை வாங்கி வைத்திருக்கிறது. நீங்கள் வெந்நீரைத் திறக்கிறீர்கள், அறைக்காற்று சூடாகி ஆவியால் நிறைகிறது. அந்தக் காற்று கண்ணாடியைத் தொட்ட இடத்தில் தாங்க முடியாத மிச்சம் தண்ணீராக இறங்கிவிடுகிறது. துடைத்தால் உடனே மூடிக்கொள்வதற்கும் இதுதான் காரணம். துடைத்ததில் தண்ணீர் போனது, கண்ணாடியின் குளிரும் போகவில்லை, காற்றின் ஈரமும் போகவில்லை.

ஆக, வழி மூன்றுதான். ஆவியைக் குறைக்கலாம் அல்லது வெளியே அனுப்பலாம். கண்ணாடியைச் சூடாக்கலாம். இறங்கும் தண்ணீரை முகம் தெரியும்படி படுக்க வைக்கலாம். நீங்கள் கேட்ட எல்லா வைத்தியமும் இந்த மூன்றில் ஒன்றைச் செய்தாக வேண்டும், எதையும் செய்யாதது வீண்.

மூன்றாவது வழியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் அதிகம். கண்ணாடியில் இறங்கும் தண்ணீர் கோடிக்கணக்கான பொடிப்பொடித் துளிகளாக நிற்கிறது. ஒவ்வொரு துளியும் குவிந்த ஒரு குட்டி லென்ஸ். வெளிச்சம் அதில் பட்டு நாலாபுறமும் சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. மேகம் வெள்ளையாக இருப்பதும் இதே காரணத்தால்தான். அதே அளவு தண்ணீர் துளியாகக் குவியாமல் மெல்லிய ஏடாகப் படர்ந்தால் அதன் வழியாக முகம் நன்றாகத் தெரியும். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் இதைக் காட்டுவது உண்டு. ஒரு பழைய கண்ணாடித் துண்டில், ஈரச்சோப்பில் தொட்ட விரலால் ஒரு கோடு இழுத்து, காய்ந்த துணியால் அந்தக் கோடு மறையும்வரை தேய்த்துவிடுவேன். பிறகு அவர்களையே வாயைத் திறந்து ‘ஹா’ என்று ஊதச் சொல்வேன். சுற்றி எல்லாம் வெள்ளையாகும், கோடு போன வழி மட்டும் பளிச்சென்று நிற்கும். அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தால் அங்கேயும் தண்ணீர் இருப்பது தெரியும். விரலை வைத்தால் ஈரம் ஒட்டும். சோப்பு தண்ணீரைத் தடுக்கவில்லை, அதைத் துளியாகக் குவிக்கும் பரப்பு இழுவிசையைக் குறைத்துப் படர விட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதனால்தான் கார் ஸ்ப்ரே வேண்டாம் என்கிறேன். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஒட்டாமல் ஓடிவிட வேண்டும் என்று நினைத்து அதை வாங்குகிறோம். காரில் மேலே விழுவது பெரிய மழைத்துளி, எதிர்க்காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பாத்ரூமில் காற்றும் இல்லை, துளிக்கு உருண்டு ஓடும் அளவு எடையும் இல்லை. தண்ணீரை வெறுக்கும் பூச்சின் மேல் அது இன்னும் உருண்டையாகக் குவிந்து அங்கேயே உட்காரும். மேற்கொண்டு வெள்ளையாகும். அந்தப் பூச்சை ஒருமுறை அடித்துவிட்டால் கழற்றி எடுப்பதும் லேசில்லை, அதற்கப்புறம் சோப்பும் அதன் மேல் சரியாகப் பிடிக்காது.

ஷேவிங் க்ரீம் விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது சரி. அதில் இருப்பதும் சோப்பு, கூடவே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் கிளிசரின். பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டும் அதே வேலையைச் செய்யும், விலையும் குறைவு. எப்படித் தடவுகிறோம் என்பதில்தான் பலருக்கும் தவறுகிறது. கண்ணாடியை முதலில் நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். பவுடர், எண்ணெய், ஹேர் ஸ்ப்ரே படிந்திருந்தால் எதுவும் பிடிக்காது. நனைத்துப் பிழிந்த துணியில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, இரண்டடிக்கு மூன்றடி கண்ணாடி முழுக்க மெல்லிசாக இழுங்கள். ஒரு நிமிடம் விட்டு, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் வெள்ளைத் தடம் மறையும்வரை தேயுங்கள். தேய்த்து எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று தோன்றும். கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சுவதே போதும். தினம் வெந்நீர்க் குளியல் நடக்கிற வீட்டில் இது எனக்குத் தெரிந்து ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள் நிற்கும். இணையத்தில் மாதக்கணக்கு சொல்கிறார்கள். மலையில் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வழியும்போது சோப்பும் கொஞ்சம் கரைந்துதானே போகும்.

சோப்பு வைத்தியத்தை அற்பமாக நினைக்க வேண்டாம். 1966 ஜூனில் ஜெமினி 9ஏ விண்கலத்திலிருந்து வெளியே வந்த அமெரிக்க வீரர் யூஜின் செர்னனுக்கு, உடம்பு சூட்டிலும் வியர்வையிலும் தலைக்கவசக் கண்ணாடி மூடிக்கொண்டது. வெளியே துடைத்துப் பயனில்லை, உள்ளே கை போகாது. மூக்கு நுனியால் தேய்த்து ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பார்த்துக்கொண்டுதான் அவர் உள்ளே திரும்பினார், செய்ய வேண்டிய வேலையைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. அதன் பிறகு போனவர்கள் வெளியே இறங்குவதற்குச் சற்று முன்பு சோப்பு சேர்ந்த கரைசலைக் கண்ணாடியில் தடவிக்கொண்டார்கள். 2001 ஏப்ரலில் கனடா வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டுக்கு அப்படித் தடவிய கரைசலே கண்ணில் பட்டு, விண்வெளியில் மிதந்தபடி இரண்டு கண்ணையும் திறக்க முடியாமல் தவித்தார். சோப்பு என்றால் அங்கேயும் சோப்புதான், எரியும். தடவியபின் நன்றாகத் தேய்த்து எடுங்கள் என்று நான் சொல்வதில் அதுவும் ஒரு காரணம், கண்ணாடிப் பக்கத்தில் முகம் கழுவும் குழந்தைகள் இருப்பார்கள்.

மற்ற வைத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டூத்பேஸ்டில் வேலை செய்வது அதில் இருக்கும் நுரைப்பொருள், அதாவது மறுபடி சோப்பு. கூடவே வரும் மாவு ஓரங்களில் போய் அடைந்துகொள்ளும். கண்ணாடியைக் கீறும் என்று சிலர் பயமுறுத்துவது கொஞ்சம் அதிகப்படி. சுண்ணாம்புத்தூள் கண்ணாடியை விட மென்மையானது. ஆனால் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் கண்ணாடியிலும் மேலே பூச்சு உள்ள கண்ணாடியிலும் கட்டாயம் கோடு விழும். உருளைக்கிழங்கு தேய்த்தால் மாவுச்சத்து ஒரு ஏடாகப் படியும், ஓரளவு வேலை செய்யும், பிறகு மங்கலாகக் கறை நிற்கும். சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வினிகர் உப்புக்கறையை எடுக்கும், ஆவி படிவதைத் தடுக்காது. ஆவி வராமல் தடுக்கும் ஸ்ப்ரே என்று பாட்டிலில் விற்பவை பெரும்பாலும் சோப்பின் அண்ணன் தம்பிகள்தான். சில நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அவற்றையும் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். ‘நானோ’ என்று எழுதியிருந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். தண்ணீர் முற்றிலும் படரும் நிரந்தரப் பூச்சு என்பது கற்பனை இல்லை. ஜப்பானில் அகிரா ஃபுஜிஷிமா குழுவினர் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய கண்ணாடியில் புற ஊதா ஒளி பட்டால் தண்ணீர் துளியாகவே நிற்காது என்பதை 1997இல் வெளியிட்டார்கள். காரின் பக்கவாட்டில் பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடிகளுக்கு அது போனது, ஏனென்றால் அங்கே வெயில் இருக்கிறது. உங்கள் பாத்ரூமில் இருப்பது எல்.இ.டி. பல்பு. அதிலிருந்து அந்தப் பூச்சுக்கு வேண்டிய ஒளி கிடைக்காது.

இனி முதல் வழிக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், செலவும் அனேகமாக இருக்காது. மலை வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு தப்பு உண்டு. வென்டிலேட்டரில் பாதியை எடுத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருப்பார்கள். மீதிப் பாதியில் கண்ணாடிப் பட்டைகள் திறந்தே இருக்கும். கதவு கீழே இடைவெளியில்லாமல் சாத்திக்கொள்ளும். ஃபேன் நன்றாகச் சுற்றும், சத்தமும் வரும். ஆனால் காற்று பக்கத்துப் பட்டை வழியே உள்ளே வந்து அப்படியே ஃபேன் வழியே வெளியே போய்க்கொண்டிருக்கும். ஷவரடியில் நிற்கும் ஆவியை அது தொடுவதே இல்லை. ஃபேன் ஓடும்போது பக்கத்துப் பட்டைகளை மூடுங்கள். கதவுக்குக் கீழே அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை சந்து இருக்கட்டும். இல்லையென்றால் தச்சரைக் கூப்பிட்டு இழைத்துக்கொள்ளுங்கள். காற்று வீட்டுக்குள்ளிருந்து கதவடியில் நுழைந்து, அறை முழுக்கக் கடந்து, ஃபேனுக்குப் போக வேண்டும். அமெரிக்கக் காற்றோட்டத் தரவிதி குளியலறைக்கு நிமிடத்துக்கு 50 கன அடி கேட்கிறது. எட்டுக்கு ஐந்தடி, ஒன்பதடி உயர அறை என்றால் 360 கன அடி. அந்தக் கணக்கில் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை அறைக்காற்று முழுக்க மாறும். குளிக்கப் போகும்போதே ஃபேனைப் போடுங்கள், வந்த பிறகும் 15, 20 நிமிடம் ஓடட்டும். குளித்து முடித்த பிறகு போடுவதில் பாதிப் பலன்கூட இல்லை, அதற்குள் தண்ணீர் கண்ணாடியில் இறங்கிவிட்டது.

வெந்நீர் விளாவும் விதத்திலும் ஒரு லாபம் இருக்கிறது. கீசரிலிருந்து 60 டிகிரியில் பக்கெட்டை நிரப்பிவிட்டுப் பிறகு பச்சைத்தண்ணீர் கலப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். 60 டிகிரி தண்ணீரின் ஆவியழுத்தம், குளிக்கிற சூட்டில் இருக்கும் 42 டிகிரி தண்ணீரை விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. பக்கெட் நிறையும் அந்த ஐந்து நிமிடத்திலேயே அறை ஆவியாகிவிடும். முதலில் பச்சைத்தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அதில் வெந்நீரை விடுங்கள். குழந்தைகள் கை வைத்தாலும் சுடாது. ஷவர் என்றால் தண்ணீர் பொடித்து விழுவதால் ஆவி இன்னும் அதிகம். அங்கே ஃபேன் இல்லாமல் முடியாது.

மலையில் இருப்பவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, வெளியே மூடுபனியாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் இன்னும் ஈரம் வராதா என்பது. வராது. 12 டிகிரி மூடுபனிக் காற்றில் நீராவி கன மீட்டருக்கு 11 கிராம்கூட இல்லை. உங்கள் வீட்டுக்குள் 16 டிகிரியில் இருக்கும் கண்ணாடி மேல் அது பட்டால் தண்ணீர் இறங்காது, இருக்கும் தண்ணீரைக்கூடக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். ஆகவே ஃபேனே இல்லாத வீட்டில் குளித்ததும் ஜன்னலையும் கதவையும் ஐந்து நிமிடம் திறந்து வைப்பது நல்ல வழி, குளிரத்தான் செய்யும். இதையே சென்னைக்காரர்கள் படித்துவிட்டுச் செய்தால் ஏமாற்றம்தான். அங்கே மழைக்கு முந்தைய மாதங்களில் வெளிக்காற்றே 25 டிகிரியில் தண்ணீர் இறக்கும் அளவு ஈரமாக இருக்கும். பக்கத்துப் படுக்கையறையில் ராத்திரி முழுக்க ஏசி ஓடி, அந்தப் பொதுச்சுவரில் கண்ணாடி மாட்டியிருந்தால், வெந்நீரே இல்லாமல் ஜன்னலைத் திறந்த மாத்திரத்தில் கண்ணாடி மூடிக்கொள்ளும். ஏசி காரை விட்டு இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்கிறதே, அதே கதை. அங்கே கண்ணாடியை வேறு சுவருக்கு மாற்றுவதுதான் நான் சொல்லும் முதல் வழி.

ஹீட்டர் கண்ணாடி ஏமாற்று வேலை இல்லை. மூன்றிலும் நிச்சயமாக வேலை செய்வது அதுதான். கண்ணாடியின் முதுகில் ஒட்டிய மெல்லிய ஹீட்டிங் பேட் அதைச் சில டிகிரி சூடாக்கி வைக்கிறது, தண்ணீர் இறங்குவதே இல்லை. 50 வாட் பேட் தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்தான், உங்கள் கீசர் முக்கால் மணி நேரத்தில் தின்பது. முழுக் கண்ணாடிக்கும் வைக்க வேண்டியதில்லை, முகம் தெரியும் இடத்துக்கு ஒன்றரை அடிக்கு ஓரடி போதும். குளிக்கப் போகும்போது போட்டுவிட வேண்டும், பேட் சூடேற ஐந்து பத்து நிமிடம் எடுக்கும். ஆனால் வீட்டில் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச், இல்லையென்றால் முதலில் அதை வையுங்கள், பிறகு பேட். வயரிங்கை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். ஈரக்கையோடு கண்ணாடி முன்னால் ஹேர் ட்ரையரைப் பிடித்து ஊதுவது வேலை செய்யும் என்பது உண்மை. பாத்ரூமுக்குள் அதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கடைசியாக அந்தக் கறுத்த ஓரம். ரசம் போய்விட்டது என்று சொல்கிறோம். பாதரசம் பூசிய காலத்துச் சொல் அது, இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது வெள்ளி, பலவற்றில் அதன்மேல் செம்பு, அதற்கும் மேல் பெயின்ட். முதுகெல்லாம் பெயின்ட் காக்கும், வெட்டிய விளிம்பில்தான் வெள்ளி காற்றுக்குத் திறந்திருக்கும். ஆவி இறங்கி வழிந்து கீழ் விளிம்பில் தேங்குகிறது. அதோடு கண்ணாடியில் நேராக அடித்த அமோனியா க்ளீனரோ வினிகரோ சேர்ந்து வழிந்தால் வெள்ளி அரிக்க ஆரம்பிக்கும். ஆசிட் ஊற்றித் தரை கழுவும் வழக்கம் இருந்தால் அதன் புகையே போதும். அந்த ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. இன்னொரு காரணம் மாட்டியவர் கையில் இருக்கிறது. வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிகானை முதுகில் தடவி ஒட்டினால் அதில் வரும் அமிலம் பெயின்ட்டைத் தாண்டி உள்ளே இறங்கும். நடுவில் கறுப்புத் திட்டுகள் வந்தால் அதைச் சந்தேகப்படலாம். உங்களுக்குக் கீழ் ஓரம் மட்டும் என்பதால் தேங்கிய தண்ணீராகத்தான் இருக்க வேண்டும், நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். போன ரசம் திரும்ப வராது. ஓரத்தை வெட்டி எடுக்கலாம் அல்லது ஃப்ரேம் போட்டு மறைக்கலாம்.

புதிதாக மாட்டும்போது கீழ் விளிம்பை டைல்ஸ் மேலோ கல் மேலோ உட்கார வைக்காமல் மூன்று நான்கு மில்லிமீட்டர் தூக்கி மாட்டச் சொல்லுங்கள். விளிம்பை அடைக்கும் பூச்சைத் தடவிவிட்டு, அமில வாடை இல்லாத நியூட்ரல் சிலிகானால் ஒட்டச் சொல்லுங்கள். துடைக்கும்போது க்ளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். குளித்தபின் அவசரமாக முகம் பார்க்க வேண்டுமென்றால் துண்டு வேண்டாம், ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்து, கீழ் விளிம்பில் சேரும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். அந்த ஒற்றி எடுப்பதில்தான் கண்ணாடியின் ஆயுள் இருக்கிறது.

ஹீட்டர் கண்ணாடிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் நாளைக் காலையில் ஒன்று செய்து பாருங்கள். பாத்ரூம் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, செய்தித்தாளில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்துக் கதவடியில் பிடியுங்கள். பட்டை உள்பக்கமாகச் சாய்ந்து படபடக்க வேண்டும். அசையாமல் தொங்கினால் வென்டிலேட்டர் பட்டைகளை மூடிவிட்டு மறுபடி பிடித்துப் பாருங்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், வென்டிலேட்டரை ஒரு படமும் எடுத்துப் போடுங்கள். ஃபேன் போதுமா, பேட் வேண்டுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.